எட்டாவது மாடியிலிருந்து

நிலநடுக்கச் சங்கு அலறியதும் நிக்கனோர் மேசையை விட்டுத் துள்ளி எழுந்தான். தூரத்து மெரிடா ஊரில் பிறந்து வளர்ந்தவன்; பூமி அதிர்ந்து பார்த்ததே இல்லை. மெக்சிகோ நகரத்தில் வேலைக்குச் சேர்ந்ததே இந்த மாதம்தான்.

எட்டாவது மாடி மொத்தமும் படிக்கட்டில் பாய்ந்தது. நாற்காலியை விட்டு அசையாத மேனேஜர் பௌதேலியோகூட, "வழி விடுங்கய்யா!" என்று இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

பக்கத்தில் கூட வேலை பார்க்கும் ஓபெலியா ஓடிக்கொண்டிருந்தாள். சாவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"ஓபெலியா, உங்க மேல எனக்கு உசுரு!"

"அதெல்லாம் கீழ போய்ப் பேசிக்கலாம். ஓடுங்க!"

தெருவில் ஒரு கட்டடமும் ஆடவில்லை. மூலையில் ஓர் அம்மா சோள ரொட்டியில் கறி மடித்து விற்கும் டாக்கோ வண்டிக்கு முன்னால் மொத்த ஆபீசும் வரிசை கட்டியிருந்தது. மேனேஜர்தான் முதல் ஆள்.

"சார், பூகம்பம்?" நிக்கனோர் மேனேஜரிடம் ஓடிப்போய்க் கேட்டான்.

"ஒத்திகைப்பா! செப்டம்பர்னா உண்டு. உனக்கு யாரும் சொல்லலையா? மத்த நாள்ல நாம சாப்பாட்டுக்கு இறங்கி வர்றதுக்குள்ள இந்தம்மா சட்டியைக் கழுவிக் கவுத்துடும். இந்தக் கறி டாக்கோ நமக்கு வருஷத்துல இன்னைக்கு மட்டுந்தான்."

நிக்கனோருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாய் நிறைய டாக்கோவோடு ஓபெலியா திரும்பினாள்.

"ஆமா, படியில என்னமோ சொன்னீங்களே?"

அவன் காலடியில் பூமி இப்போதுதான் ஆடத் தொடங்கியது.