யார் பக்கம்?

“கிரகணத்தன்னைக்கு உங்கக்கா என்னத்த நறுக்குனா?” என்று அக்காவின் மாமியாரான அத்தை என்னைக் கேட்டார். கத்தரிக்காய் என்றேன்.

“காம்ப நறுக்கிருக்கா. அதான் பிள்ளைக்குக் கழுத்துல வந்திருச்சு,” என்று அத்தை அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

அக்கா தமயந்திக்கு மூன்றாம் மாதம். அவள் வயிற்றில் கட்டியிருந்த ஸ்கேன் பெல்ட், சிசுவின் பின்கழுத்தில் நீர்ப்பை இருப்பதாகக் காலையில் செய்தி வாசிப்பதுபோல் சொல்லியிருந்தது. நிணநீர் ரத்தக்குழாயில் போய்ச் சேராமல் அங்கேயே தேங்கிவிட்டதாம்.

பெல்ட்டில் இரண்டு பொத்தான்கள். குறை எந்த வழியில் வந்தது என்று சொல்லும் ‘யார் பக்கம்?’ நம் ஊர் மாமியார்களுக்காகவே கம்பெனி சேர்த்தது. வாடகை பெல்ட் என்பதால், பல வீட்டு விரல்கள் பட்டு அதில் எழுத்தே தேய்ந்திருந்தது. அத்தை அதை அழுத்தினார்.

“தந்தையிடமிருந்து வர வேண்டிய ஒரு குரோமோசோம் வரவில்லை. இது தற்செயல். யார் மீதும் குற்றமில்லை.”

“எம்மவன் எதையும் மறந்துட்டு வர்றவன் இல்ல. திருப்பிச் சொல்லு!”

எத்தனை முறை அழுத்தினாலும் பெல்ட் அதையே சொன்னது.

அக்கா அவர் கையை மெல்ல விலக்கினாள். ‘பிள்ளை எப்படி இருக்கிறது?’ என்ற இன்னொரு பொத்தானின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எந்த வீட்டிலும் உரிக்கவில்லை. அவள் உரித்து அழுத்தினாள்.

“இதயம் துடிக்கிறது. பை வற்றலாம், வற்றாமலும் போகலாம். பொறுத்துப் பார்க்க வேண்டும்.”

“பாக்கலாம் கண்ணு,” என்று அக்கா வயிற்றைத் தடவிச் சொன்னாள்.

அத்தை அவளுக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சுப் பழப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.