வெள்ளிக் கால்

"இடது காலுங்கறேன், நீ வலது காலைப் போயி…"

"எதுக்கால நின்னா வலது பக்கமாத்தானுங்களே தெரிஞ்சுது!"

ரத்தக்குழாய் அடைப்புக்குப் பைபாஸ் செய்யாவிட்டால் தேவானந்தத்தின் இடது காலையே எடுக்க வேண்டியதுதான். மனைவி கிருபாவதி வேண்டிக்கொண்டு அந்தோணியாருக்குக் காணிக்கையாய் வெள்ளிக் கால் போட்டாள். போட்டது வலது கால். நாற்பது வருஷமாய் எதிரே நின்று திட்டு வாங்கியவளுக்கு, அவர் இடது தன் வலதாகத் தெரிந்ததில் அதிசயமில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"முதல்ல போயி அதை எடுத்துட்டு இடது காலைப் போடு!" என்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார்.

மறுநாள் டாக்டர் சிரித்தபடி வந்தார். "காலு தப்பிச்சுதுங்க. உங்க வலது கால் ரத்தக்குழாயை எடுத்துத்தான் இடது கால்ல வெச்சோம். அது நல்லா இருந்ததாலதான் முடிஞ்சுது."

தேவானந்தம் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி… அந்த வலது காலை எடுத்துப்போடலையே?"