சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு

ஷெட்டுக் கதவில் கைத்தடி தட்டியதுமே மாப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சத்தம் கேட்டால், லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவனைப் போல விறைத்து நின்றுவிடுவார். காரணம் இல்லாமல் இல்லை. மாமனார் ஒரு காலத்தில் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர். இதே மாப்பிள்ளையை இரண்டு முறை ஃபெயில் ஆக்கியவர்.

முதல் முறை, கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்ததற்காக.

இரண்டாம் முறை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததற்காக. அதில் தெரிந்தது, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மகள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஓய்வு பெற்றாலும் வீட்டுக்கும் தெருவுக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான். கைத்தடியை ஊன்றி ஜீப்பை ஒரு சுற்று சுற்றினார். அவருடைய ஜீப். பக்கக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். கதவைத் திறக்கவில்லை.

அவர் அதில் ஏறி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கேட்டால், மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியில் ஏறுவதைவிட வீட்டிலேயே கிடந்து சாவது மேல் என்பார். மகளிடம் சொல்வார். பால்காரரிடம் சொல்வார். மாப்பிள்ளை காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு சுவரிடமும் சொல்வார்.

மாப்பிள்ளை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

தரையில், பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று பிரித்து விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மாப்பிள்ளை பென்சிலால் வரைந்த திட்டம். நான்கு சக்கரத்திலும் இரும்புச் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ரப்பர் காற்றுப் பைகள். பின்சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்ரஸர், ஒரு காற்றுத் தொட்டி. அங்கிருந்து பைகளுக்குக் குழாய்கள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அமுக்கினால் வண்டி பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கும். மறுபடி அமுக்கினால் எழுந்து நிற்கும்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். ஸ்டைல்.

முன்வழுக்கையும் பின்தொப்பையுமாக... இல்லை, தொப்பையும் முன்னால்தான்... அந்தக் கோலத்தில் நின்று அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மனைவியே சிரித்துவிட்டாள்.

“பிரிட்ஜுக்கு கேஸ் அடிக்கிறவரு ஜீப்புக்குக் காத்தடிக்கப் போறாராம். அடுத்து உள்ள ஐஸ் தட்டும் வைப்பீங்களா, மாப்பிள்ளை?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் ‘நீங்க’ போட்டுப் பேசினால் உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம்.

ஜீப்பின் சாவி இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் சரி என்றால் வேலை தொடங்கும். இல்லையென்றால் அட்டைப்பெட்டி குப்பைக்குப் போகும், மாதக்கணக்கில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பொறுக்கியதெல்லாம் கூடவே போகும்.

சாவிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். வண்டியின் தகட்டில் ஒரு வெட்டு விழக்கூடாது.

அங்கேதான் சிக்கல். ஷெட்டுச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு இருந்தது. காற்றை இறக்கினால் முன்சீட்டு அந்தக் கோட்டுக்கு வந்து உட்கார வேண்டும். ஒரு மத்தியானம் வீடே தூங்கியபோது மாப்பிள்ளை எதையோ அளந்து வந்து போட்ட கோடு அது. எதை என்று மனைவிக்கும் தெரியாது. அவ்வளவு கீழே இறக்கினால் டயர் மட்கார்டில் இடிக்கும். மட்கார்டை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டியே ஆகவேண்டும்.

மாப்பிள்ளை அதைச் சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் கைத்தடி பம்பரில் விழுந்தது. அதற்குப் பதில் தன் கழுத்தை வெட்டச் சொன்னார். தன் பெண்ணை டெஸ்ட் மைதானத்துக்கு வரவிட்ட நாளைச் சபித்தார். பிரிட்ஜுக்குள் மூளையை மறந்து வைத்துவிட்டு வருகிற ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்ட தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார்.

முதன்முறையாக மாப்பிள்ளையும் திருப்பிக் கொடுத்தார். அப்படியானால் ஜீப் இங்கேயே துருப்பிடித்துக் கிடக்கட்டும், கோழி அடைக்கலாம், தினமும் வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

சமையலறை ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு கைத்தடியை நீட்டி, கோட்டுக்கு மேலே, மூன்று விரல் தள்ளி, சுவரில் ஒரு கீறல் போட்டார்.

மாப்பிள்ளைக்குக் கணக்கு உடனே ஓடியது. சீட்டு அங்கே நின்றால் போதுமென்றால் டயர் இடிக்காது. தகட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் அதற்குள் திரும்பி, இடது காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார். அங்கே நின்றார். முகத்தைத் திருப்பவில்லை.

“நீ அளந்தது சாப்பாட்டு மேசை நாற்காலி. அதுலேருந்து நான் மேசையப் புடிச்சுத்தான் எந்திரிக்கிறேன். கட்டில்லேருந்துதான் யாரையும் புடிக்காம எந்திரிப்பேன். போய் அதை அள. ஏறி இறங்க எனக்கு அந்த உயரம் போதும்.”

கைத்தடிச் சத்தம் வீட்டுப் பக்கம் தேய்ந்து போனது.

சாவி பானெட்டின் மேல் இருந்தது.