முதல் கடி

அந்தக் காலத்து மீனுக்குத் தாடையே கிடையாது. சேற்றை உறிஞ்சி உறிஞ்சி, பட்டினியில் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. அதன் செவுளைத் தாங்கி வரிசையாக நின்ற குருத்தெலும்புச் சகோதரிகளில் மூத்தவள் மெல்ல வாய்ப்பக்கம் நகர்ந்து வளைந்தாள்.

"அக்கா, மூச்சு விடுறதுதானே நம்ம குடும்பத் தொழில்? வேணாம்க்கா, ஒடிஞ்சிடுவே!" என்று இரண்டாமவள் பதறினாள்.

"மீனே போயிட்டா யாருக்குடி மூச்சு விடுவே?"

எதிரே ஒரு நத்தை வந்தது. மூத்தவள் தாடையாக மடங்கி அதைக் கவ்வினாள். கடக்! ஓடு நொறுங்கி, மீனின் வயிற்றுக்குள் முதன்முதலாகக் கறி இறங்கியது.

இரண்டாமவளுக்குத் தலைகால் புரியவில்லை. "உன் மூட்டு ஆடுதுக்கா, நான் முட்டுக் கொடுக்கிறேன்!" என்று பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டாள்.

"அப்போ மூச்சு யார் விடுறது?" என்று மூன்றாமவள் கத்தினாள்.

"குடும்பத் தொழிலை நீ பாத்துக்கடி!" என்றாள் இரண்டாமவள். " எங்களுக்குக் கடிக்கிற வேலை கிடக்கு!"