கொக்கு எந்தக் காலில் நிற்கிறது

அந்தக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் மான்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாதம் ஒருமுறை, சின்னது பெரியது எல்லாம், ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, எதிர்க்கரைக் கொக்கு எந்தக் காலில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும்.

காவல் நிற்கும் மருதி மட்டும் நழுவிவிடுவாள். "எனக்கென்ன வயசாயிடுச்சா? அதெல்லாம் கிழடுகளுக்கு."

இன்று கூட்டம் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலக்கண்ணில் தூசி விழுந்தது. இறுக்கி மூடினாள். எதிர்க்கரையே காணாமல் போனது. இடக்கண்ணில் பாலை ஊற்றின மாதிரி வெறும் வெள்ளை.

"கொக்கண்ணே, எங்க போயிட்டீங்க?"

"போகலையே தாயி. இங்கதான் நிக்கிறேன்."

மருதி வலக்கண்ணைத் திறந்தாள்; கொக்கு அங்கேயேதான் நின்றது. எத்தனை நாளாக இப்படி? தினமும் இடப்பக்கப் புதரைப் பார்த்து "ஒண்ணுமில்ல, குடிங்க" என்று சொன்னது அவள்தானே.

"மருதி, இடப்பக்கம் ஒண்ணுமில்லையே?" தண்ணீரிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு தாய்மான் கேட்டது.

போன வாரமும் அந்தத் தாய்மான் இதையேதான் கேட்டது. ஒண்ணுமில்லை என்று மருதி சொன்ன சற்று நேரத்தில்தான், அந்தப் புதரோரம் அதன் குட்டி காணாமல் போனது.