அடாப்டரில் கோளாறு

மூன்றாம் முறையாக வைஃபை அடாப்டரைப் பிடுங்கி, வாயால் ஊதி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் டிவி பாக்ஸின் பின்னால் செருகினான் மாப்பிள்ளை.

கட்டைவிரல் நகம் அளவே இருந்த அந்தச் சாமானை நான்கு பேர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு மணிக்கு மச்சினிக்குப் பட்டமளிப்பு. எங்கோ தூரத்து ஊரில் அவள் டாக்டர் பட்டம் வாங்குவதை நேரலையில் காட்டுவார்கள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. மாமனார் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார், மேடையிலிருந்து மகள் தன்னைப் பார்த்துவிடுவாள் என்பது போல.

மணி மூன்று நாற்பது.

போனில் பார்க்கலாமென்றால் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. மாமியாருக்குக் கண்ணும் மங்கல். "பெருசா பாக்கலாம்னுதானே இங்க வந்தோம்" என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே தைத்தது.

பாக்ஸை அணைத்துப் போட்டான். அடாப்டரை வேறு துளைக்கு மாற்றினான். திரையில் ஒரு வரி வந்தது. யாரும் முழுதாகப் படிப்பதற்குள் ரிமோட்டை அமுக்கி விரட்டினான்.

"பாஸ்வேர்டு தப்புன்னு போட்ட மாதிரி இருந்துச்சே, மாப்பிள்ளை."

"அடாப்டர் சூடானா அப்படித்தான் காட்டும், மாமா."

மாமனார் தலையாட்டினார். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன் மாப்பிள்ளை. அவன் கை பட்டு ஓடாத பொருள் கிடையாது என்பது சொந்தபந்தத்துக்குள் பேச்சு. மச்சான் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தான், அடாப்டர் ஆறட்டும் என்று.

மனைவிதான் எழுந்தாள். "மாடி வீட்டு டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன். அவங்க நெட் லைன்லயே ஏதாவது கோளாறு இருக்கும்."

"நீ இரு." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "நான் போறேன்."

டீச்சரிடம் சொல்லிவைத்துத்தான் அவர் லைனைப் பயன்படுத்துகிறோம் என்று மனைவி இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அவன் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. டீச்சர் குடிவந்த புதிதில் லைனை மாட்டிக் கொடுத்தது அவன். பாஸ்வேர்டை அவர் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அடித்தது அவன் விரல். கீழே வந்து தன் பாக்ஸிலும் அடித்துப் பார்த்தான். அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான்.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினான்.

டீச்சர் காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தார். உள்ளே கணினித் திரையில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகளின் முகங்கள். பாடம் நடந்துகொண்டிருந்தது.

மச்சினிக்குப் பட்டமளிப்பு, எல்லாரும் வந்திருக்கிறார்கள், எங்கள் லைன் வேலை செய்யவில்லை என்றான். "எங்கள் லைன்" என்ற இடத்தில் அவன் கண் காலடிக்கு இறங்கியது.

அவர் முழுவதும் கேட்கக்கூட இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் தன் பாஸ்வேர்டை எழுதி நீட்டினார்.

"இதுக்குப் போயா இவ்வளவு தயங்குறீங்க, அண்ணா? நேத்துதான் மாத்தினேன். நீங்க மட்டும் சொல்லலேன்னா, எதிர்வீட்டு டிரைவர்தான் இத்தனை நாளா என் லைனை எடுத்துட்டிருந்தார்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

உண்மைதான். அவன்தான் சொன்னான்.

வகுப்பு நடுவில் நின்று நின்று போகிறது, யாரோ என் லைனை எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நேற்றுக் காலை அவர் அவனிடம்தான் யோசனை கேட்டார். படிக்கட்டுக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினான். வாயைத் திறந்து பெயரையும் சொன்னான். டீச்சர் இறங்கிப் போய், தெருவில் நாலு பேர் நிற்க, நேருக்கு நேர் கேட்டார். டிரைவர் இரண்டு முறை இல்லை என்றார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று அவன் வாயெடுத்தான்.

உள்ளேயிருந்து ஒரு பிள்ளை "மிஸ்" என்று கூப்பிட்டது. "போங்க, நேரமாகுது" என்று டீச்சர் சிரித்துக் கதவைச் சாத்தினார்.

அவன் இறங்கி வந்தான். படிக்கட்டுக்குக் கீழே யாருமில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், காருக்குப் பக்கத்தில், டிரைவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் எப்போதும் போலக் கையை உயர்த்தினார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாது.

அவனும் கையை உயர்த்தினான். பாதியில் அது இறங்கிவிட்டது.

வீட்டுக்குள் வந்து, காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தான். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அடாப்டரில் பச்சை விளக்கு நிலையாக எரிந்தது.

நான்கு மணி பன்னிரண்டுக்கு மச்சினி மேடையேறினாள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மச்சான் கைதட்டிக்கொண்டே இருந்தான். மாமனார் எழுந்து, டிவிக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

எல்லாம் அடங்கியபின் அவன் தோளில் கை வைத்தார். "கோளாறு எங்கதான் இருந்துச்சு, மாப்பிள்ளை?"

"என்கிட்டதான், மாமா."

பெரியவர் சிரித்துவிட்டார். மகன் பக்கம் திரும்பி, "பாத்தியாடா, இவ்வளவு செஞ்சிட்டு எப்படி அடக்கமா சொல்றார்னு" என்றார்.