எட்டாம் வகுப்புக் கணக்கு

அவர் பேனாவை இடது கையில் பிடித்திருந்தார். மடியில் ஒரு நோட்டு.

வலது கை போர்வையின் மேல் கிடந்தது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள். வாயிலிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை.

ஜெசிந்தா புத்தகத்தைக் கணவரின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். எட்டாம் வகுப்புக் கணக்கு. முப்பத்தோரு வருடம் அவர் நடத்திய பாடம்.

ஒரு பெட்டியின் நீளம் x + 2. அகலம் x. உயரம் 3. கனஅளவு காண்க.

பத்து மணிக்கு டாக்டர் வருவார். நேற்றே சொல்லியிருந்தார். சுற்றி நடப்பது கணவருக்குப் புரிகிறது என்பதற்கு ஓர் அடையாளமாவது தெரிந்தால் இங்கேயே வைத்துப் பயிற்சி கொடுக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது.

மணி ஒன்பது ஐம்பது.

"எழுதுங்க."

பேனா அசைந்தது.

3 வந்தது. நெளிந்துபோன ஒரு x. அதன் தலைமேல் சின்னதாக ஒரு 2.



கூட்டல் குறி.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, 2.

பேனா விரல்களிலிருந்து நழுவியது.

அவள் அவசரமாகப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். பத்தாவதில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவள். ஆனாலும் விடையை ஒத்துப் பார்க்கத் தெரியும்.

3x² + 6x.

வராந்தாவில் செருப்புச் சத்தம்.

பையைத் துழாவி அவருடைய சிவப்புப் பேனாவை எடுத்தாள். அவர் எழுதியதன் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள். கோடு மேல்வரியைத் தாண்டிப் போயிற்று.

டாக்டர் டிஸ்சார்ஜ் தாளோடு உள்ளே வந்தார். பின்னால் நர்ஸ்.

"சரியாப் போட்டுட்டாரு டாக்டர்," என்று நோட்டை நீட்டினாள்.

நோட்டு போய்ச் சேரவில்லை. இடது கை அதை எட்டிப் பிடித்து மடிக்கு இழுத்துக்கொண்டது. அவள் விரல்களிலிருந்து சிவப்புப் பேனாவை உருவியது.

டிக்கின் மேல் ஒரு கோடு.

குறுக்கே இன்னொன்று. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

பிறகு அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளையைப் பார்ப்பது போல.

அவளுக்கு முகம் எரிந்தது.

"தப்புத்தான் டாக்டர். விடை வேற. நான்தான் பொய்யா டிக் போட்டேன்."

 டாக்டர் அந்த நோட்டையும், அதைப் பிடித்திருந்த கையையும் கொஞ்சநேரம் பார்த்தார். டிஸ்சார்ஜ் தாளை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார். ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த கணக்கை எடுங்கம்மா."